பொருந்தினா போதுமா பாஸ்?

செமஸ்டர் லீவில் உங்களை யாராவது, 'பரண் மேல ஏறி அந்தப் பெட்டியை இறக்கிக் கொடு கண்ணு' என்று கூப்பிட்டால் என்ன செய்வீர்கள்? தலைவலி, முதுகுவலி, அரியர் எக்ஸாம் என்று எதையாவது அவிழ்த்துவிட்டு எஸ்கேப் ஆவீர்கள்தானே? நானும் அதே கட்சிதான். ஆனால், எங்கள் அபார்ட்மென்ட் மூன்றாவது மாடி தாத்தாவிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. 'நீ மெக்கானிக்கல்தானேம்மா படிக்கிறே?' என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மானப் பிரச்னை ஆகிவிட்டது. ஏறிவிட்டேன்.

இறங்கியது ஒரு தகர டிரங்குப் பெட்டி. கூடவே, பழைய நூல் புடவையில் சுற்றிய ஒரு மெஷின். பிரித்தால்... குட்டி ராக்கெட்டைப் படுக்கவைத்த மாதிரி ஒரு உருளை. ஓரமெல்லாம் பளபள க்ரோம். சக்கரம் கிடையாது, அடியில் ரெண்டு சறுக்குத் தண்டுகள். நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகலாம். வாக்யூம் க்ளீனராம்!

தாத்தா படிக்கவும் வேலை பார்க்கவும் அமெரிக்காவில் இருந்தவர். 1965-ல், குடியிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் இதை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். 1974-ல் ஊர் திரும்பும்போது கப்பலில் ஏற்றிவிட்டார். இதை வைத்துப் புழங்கியதெல்லாம் பாட்டிதான். பாட்டி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது நியூஜெர்சியில் இருக்கும் மகள் டிசம்பரில் வருகிறார். 'அம்மாவோட மெஷினை நான் எடுத்துட்டுப் போறேன்' என்று சொல்லியிருக்கிறார். அங்கே 120 வோல்ட், மெஷினும் 120 வோல்ட். பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போகிற கதை.

சிக்கல் டிரங்குப் பெட்டியில்தான். திறந்தால் ஹோஸ் குழாய் போக 14 உருப்படிகள். மூக்கு மூக்காக, ப்ரஷ் ப்ரஷ்ஷாக. விமானத்தில் பெட்டிக்கு 23 கிலோதான் கணக்கு. ஊறுகாய், அப்பளம், புளி எல்லாம் வேறு ஏறியாக வேண்டும். 'எது இந்த மெஷினோட ஒரிஜினல், எது நடுவுல வந்து ஒட்டிக்கிட்டதுன்னு பிரிச்சுக் கொடும்மா. மீதியைப் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடலாம்' என்றார் தாத்தா.

'இதென்ன பிரமாதம் தாத்தா? மாட்டிப் பார்த்தா தெரிஞ்சுடப் போகுது. பத்து நிமிஷ வேலை' என்றேன் கெத்தாக.

பத்து நாள் ஆனது.

மாட்டிப் பார்த்தேன். 14-ல் 10 பொருந்தியது! அதில் ரெண்டு உருப்படியில் நம்ம ஊர் 'யூரோக்ளீன்' பேர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. 'நான் இந்த மெஷினோட ஆளே இல்லை' என்று அது நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும்போதும் அம்சமாகப் போய் உட்காருகிறது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பொருந்துகிறது என்பது ஒரு சாட்சியே இல்லை பாஸ்!

ஏன் என்று வெர்னியர் காலிப்பரை எடுத்துப் பார்த்தேன். (லேபில் 'இதெல்லாம் எங்கே சார் யூஸ் ஆகப் போகுது' என்று கேட்ட அதே காலிப்பர்.) அமெரிக்காவில் வீட்டு வாக்யூம் க்ளீனர் குழாய்களுக்குப் பரவலான அளவு ஒன்றே கால் இன்ச். அதாவது 31.75 மில்லிமீட்டர். மற்ற பக்கங்களில் 32 மில்லிமீட்டர். வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான். போதாததற்கு இந்தக் குழாய் முனைகள் நேராக இருக்காது, லேசாகச் சரிந்து கூம்பு மாதிரி இருக்கும். தள்ளி அழுத்தினால் எங்கேயாவது ஓரிடத்தில் கவ்விக்கொள்ளும். திருகு கிடையாது, பூட்டு கிடையாது, உராய்வு மட்டும்தான். கால் மில்லிமீட்டரையெல்லாம் அந்தச் சரிவு கூசாமல் விழுங்கிவிடும். இன்னொரு பக்கம் 35 மில்லிமீட்டர் என்று ஒரு அளவு இருக்கிறது. அது மட்டும்தான் 'சத்தியமா வர மாட்டேன்' என்று அடம்பிடிக்கும். ஆக, பொருந்தவில்லை என்றால் ஒரு துப்பு. பொருந்தினால் ஒரு துப்பும் இல்லை. ஜாதகம் பார்க்கிறவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்!

சரி, மெஷின் யார் என்று முதலில் தெரிய வேண்டாமா? எலக்ட்ரோலக்ஸ், மாடல் ட்ரிப்பிள் எக்ஸ். ஹலோ... பின் பெஞ்ச், சிரிக்காதீங்க. அது ரம் பாட்டில் சமாசாரம் இல்லை, ரோமன் எண்ணில் 30. 1937-ல் வந்த மாடல். உருவத்தை வடிவமைத்தவர் லுரெல் கில்ட் என்ற அமெரிக்க டிசைனர். ரயில் இன்ஜின், கார், விமானம் எல்லாம் காற்றைக் கிழிக்கிற மாதிரி வழவழவென்று வரையப்பட்ட காலம் அது. தரையில் மணிக்கு ஒரு மைல் வேகத்தில் நகர்கிற மெஷினுக்கு எதற்கு அந்த ராக்கெட் ஷேப் என்று கேட்கக் கூடாது. ஸ்டைலுதான்! இதே மாடல் நியூயார்க்கில் ப்ரூக்ளின் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தாத்தாவிடம் இதைச் சொன்னதும், 'நாங்க பதினஞ்சு டாலருக்கு வாங்கினோம்' என்று மீசைக்குள் சிரித்தார்.

இங்கே ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். 1901-ல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற இன்ஜினீயர் உறிஞ்சுகிற மெஷின் ஒன்றைக் கட்டினார். வீட்டுக்குள் நுழைகிற சைஸே கிடையாது. குதிரை வண்டியில் ஏற்றி, தெருவில் நிறுத்தி, பெட்ரோல் இன்ஜினை ஓடவிட்டு, ஜன்னல் வழியாக நீளமான குழாயை உள்ளே விடுவார்கள். அப்படியென்றால் வீட்டுக்குள் வந்தது எது? குழாயும் மூக்கும் மட்டும்தான்! அமெரிக்காவில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர் என்ற துப்புரவுத் தொழிலாளி, கையில் தள்ளுகிற மாதிரி சின்ன மெஷினுக்கு 1908-ல் பேடன்ட் வாங்கினார். ஹூவர் குடும்பம் அதை வாங்கித்தான் உலகம் பூரா விற்றது. எலக்ட்ரோலக்ஸின் சறுக்குத் தண்டு சிலிண்டர் 1921-ல் ஸ்வீடனில் வந்தது. மாடல் வி என்று பேர்.

பழைய மெஷின் சேகரிக்கிறவர்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள்... உடம்பு ஈஸியாகக் கிடைத்துவிடும், கைகால்தான் கிடைக்காது. மெஷினை யாரும் தூக்கிப்போட மாட்டார்கள், பெரிய சாமான். மூக்கும் ப்ரஷ்ஷும் கட்டிலுக்கு அடியில் ஓடும், குழந்தை விளையாடத் தூக்கிக்கொண்டு போகும், வீடு மாறும்போது வேறு பெட்டிக்குள் விழும். தாத்தா வீட்டில் அது நடக்காததற்குக் காரணம் பாட்டியின் டிரங்குப் பெட்டி. ஆனால், அதே பெட்டியில் எல்லாவற்றையும் போட்டுப் போட்டு வைத்ததுதான் நம்ம தலைவலிக்கும் காரணம்.

பேரைப் பார்த்துப் பிரிக்கலாமே என்று அடுத்த ஐடியா. இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, நான் விழுந்துவிட்டேன். நீங்கள் விழாதீர்கள். 'எலக்ட்ரோலக்ஸ்' என்று பேர் இருந்தால் இந்த மெஷினோடது என்றுதானே நினைப்பீர்கள்? அந்தப் பேரில் ரெண்டு கம்பெனிகள் இருந்தன. ஸ்வீடன்காரர்களின் அமெரிக்கக் கிளை தனியாக வளர்ந்தது, தன் மெஷின்களைத் தானே டிசைன் செய்தது. 1968-ல் ஸ்வீடன் கம்பெனி தன் பங்கை விற்றுவிட்டது. பேர் அமெரிக்கக் கம்பெனியோடேயே போய்விட்டது. அதனால் ஸ்வீடன் எலக்ட்ரோலக்ஸ் அமெரிக்காவில் தன் சொந்தப் பேரில் வாக்யூம் க்ளீனர் விற்க முடியாமல், 1974-ல் 'யுரேகா' என்ற அமெரிக்க பிராண்டை வாங்கி அந்தப் பேரில் விற்றது. பேர் திரும்பக் கிடைத்தது 2000-த்தில்தான். ஆக, ஒரு ப்ரஷ்ஷில் எலக்ட்ரோலக்ஸ் என்று இருந்தால் அடுத்து நீங்கள் தேட வேண்டியது ஊர்ப் பேர். ஸ்வீடனா, இங்கிலாந்தா, அமெரிக்காவா? நம்ம ட்ரிப்பிள் எக்ஸ் அமெரிக்கக் குடும்பம். ஸ்வீடன் ப்ரஷ் அதற்குப் பெரியப்பா வீட்டுப் பிள்ளை. மூக்கு ஒரே ஜாடையில் இருக்கும், ரேஷன் கார்டு வேற!

நம்ம ஊர் யூரோக்ளீன் டிரங்குக்குள் வந்த கதையும் இங்கேதான் ஒட்டுகிறது. 1982-ல் இந்தியாவில் யுரேகா ஃபோர்ப்ஸ் தொடங்கியது. ஸ்வீடன் எலக்ட்ரோலக்ஸும் அன்றைக்கு டாடா குழுமத்தில் இருந்த ஃபோர்ப்ஸும் கூட்டு. டை கட்டிய அண்ணன்கள் வீடு வீடாக ஏறி, உங்கள் மெத்தையிலேயே உறிஞ்சிக் காட்டி, 'மேடம், இதுல தான் நீங்க தினம் தூங்கறீங்க' என்று பீதியைக் கிளப்பி விற்றது உங்கள் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். 1991-ல் அப்படி ஒருவர் பாட்டியிடமும் வந்தார். அதுவரை ட்ரிப்பிள் எக்ஸ்ஸை ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டிக்கொண்டிருந்த பாட்டி, அன்றோடு அதைப் பரணில் ஏற்றிவிட்டு புதுசுக்கு மாறினார். புதுசின் உடம்பு பிற்பாடு ரிப்பேராகிப் போய்விட்டது. மூக்குகள் மட்டும் டிரங்குக்குள் அடைக்கலம்.

(அவசரக்குடுக்கைகளுக்கு ஒரு வார்த்தை. 120 வோல்ட் மெஷினை நம்ம வீட்டு 230 வோல்ட் ப்ளக்கில் நேராகச் சொருகி 'ஓடுதா பார்ப்போம்' என்று விளையாடாதீர்கள். உள்ளே இருப்பது யுனிவர்சல் மோட்டார். வேகம் எகிறி, சுருள் கருகி, கதை முடிந்துவிடும். அறுபது எழுபது வருஷ வயரின் ரப்பர் உறை வேறு அப்பளம் மாதிரி நொறுங்கும். மூக்கை அடையாளம் கண்டுபிடிக்க மெஷினை ஓட்டவே வேண்டாம்.)

எண்களுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த ஏரியா. சில உருப்படிகளின் அடியில் பேடன்ட் நம்பர் பொறித்திருக்கும். அமெரிக்க பேடன்ட்கள் வரிசை எண்ணில் போகின்றன. 10 லட்சமாவது 1911-ல் வந்தது. 20 லட்சமாவது 1935-ல். 30 லட்சமாவது 1961-ல். அதனால் 2-ல் தொடங்குகிற ஏழு இலக்க எண் என்றால் அந்தச் சாமான் 1935-க்கு முன்னால் பிறந்திருக்க முடியாது. எவ்வளவு அழகான கடிகாரம் பாருங்கள்!

அந்தக் கடிகாரத்தை நம்பி நான் செய்த காமெடியைக் கேளுங்கள். குறுகலான ஒரு மூக்கு... சோபா இடுக்கில் விடுவது. அதில் ஒன்றரை லட்சத்துச் சொச்சத்தில் ஒரு நம்பர். வரிசையைப் பார்த்தால் 1874 என்று வருகிறது. 'தாத்தா! இது நூத்தம்பது வருஷப் புதையல்!' என்று மூன்றாவது மாடிக்கு ஓடினேன். அவர் அமைதியாக, '1874-ல கரன்ட்டு ஏதும்மா?' என்று கேட்டார். அசிங்கப்பட்டுத் திரும்பி வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், நம்பருக்கு முன்னால் தேய்ந்துபோன மூன்று எழுத்து. டிசைன் பேடன்ட் என்பதன் சுருக்கம். வேலை செய்கிற விதத்துக்குத் தருகிற பேடன்ட் ஒரு வரிசை, வெளித்தோற்றத்துக்குத் தருகிற டிசைன் பேடன்ட் வேறு வரிசை. டிசைன் வரிசையில் ஒன்றரை லட்சம் வந்தது 1940-களின் கடைசியில். மெஷினோட காலத்துக்கு அப்படியே பொருந்துகிறது! ஒரே எண்தான், தேய்ந்த மூன்று எழுத்தைப் படிக்காமல் விட்டதில் முக்கால் நூற்றாண்டு தப்பு.

எண்கள் இப்படித் தருவதெல்லாம் 'இதற்கு முன்னால் இல்லை' என்ற தகவல் மட்டும்தான். பேடன்ட் நம்பரைப் பொறித்துக்கொண்டு பத்துப் பதினைந்து வருஷம் அதே அச்சில் வார்ப்பார்கள். ஆனாலும் இந்த 'முன்னால் இல்லை' செம ஆயுதம். பிளாஸ்டிக்கின் முதுகில் மூணு அம்பு சுற்றுகிற முக்கோணமும் அதற்குள் ஒரு எண்ணும் பார்த்திருப்பீர்கள், உங்கள் தண்ணி பாட்டிலின் அடியிலேயே இருக்கும். அந்த அடையாளமே 1988-ல்தான் வந்தது. டிரங்கில் ரெண்டு மூக்குகளின் உள்பக்கம் அந்த முக்கோணம் இருந்தது. ட்ரிப்பிள் எக்ஸ் விற்பனை 1950-களோடு ஓய்ந்துவிட்டது. ஒரே நொடியில் ரெண்டு பேர் அவுட். பிலிப்ஸ் திருகு, அதாவது தலையில் ப்ளஸ் போட்ட திருகு, 1930-களின் நடுவில் வந்தது. அட்டைப்பெட்டி இருந்தால் பார்கோடு பாருங்கள், கடையில் முதன்முதலாக அது ஸ்கேன் ஆனது 1974 ஜூனில். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963 ஜூலைக்குப் பிந்தையது. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். ஹிஸ்டரி கிளாஸில் தூங்கினவர்கள் கையைத் தூக்குங்க!

அடுத்தது மெட்டீரியல். இங்கேதான் நான் ஒரு பாவம் செய்தேன்.

சோபா துடைக்கிற அகலமான மூக்கு ஒன்று, கறுப்பு. மேலே மங்கலாக வெள்ளை எழுத்துகள். அழுக்கு போனால் படிக்கலாமே என்று நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். எழுத்து வந்தது... பஞ்சோடு! மூக்கின் மேல்தோலும் சொதசொதவென்று இளகி, வெளுத்துப் போனது. அது அச்சில் பொறித்த எழுத்து இல்லை, மேலே மையால் அடித்தது. தெரிந்துகொண்ட ஒரே விஷயம், அது பேக்லைட் இல்லை என்பது. பேக்லைட் ஒருமுறை இறுகினால் இறுகினதுதான், அசிட்டோனுக்கெல்லாம் கரையாது. கரைந்ததால் இது சாதாரண தெர்மோபிளாஸ்டிக். பாருங்கள், அது யார் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை அழித்துவிட்டு, அது யார் இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

கையும் பஞ்சுமாகத் தாத்தாவிடம் போய் நின்றேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. 'சரி விடும்மா' என்றுவிட்டு அதைத் துணியில் துடைத்து மேஜை மேல் வைத்தார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே மக்களே, முதலில் போட்டோ. சாய்வான வெளிச்சத்தில், நாலு பக்கமும், அழுக்கோடு. அப்புறம் வெறும் ஈரத் துணி. அவ்வளவுதான். பேக்லைட்டா என்று பார்க்க ஊசியைக் காய்ச்சிக் குத்துவது, உப்புத்தாள் போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். கட்டைவிரலால் ஒரு இடத்தைச் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பேக்லைட் என்றால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அடிக்கிற பினாயில் வாசனை மாதிரி லேசாக வரும். அச்சுத் தழும்பும் பேசும். அந்தக் காலத்து பேக்லைட்டைப் பெரும்பாலும் தூளாக அச்சில் போட்டு அழுத்திச் சுட்டார்கள், இட்லி மாதிரி. பிளாஸ்டிக்கை உருக்கி ஒரு துவாரம் வழியாகப் பீய்ச்சுகிறார்கள். பீய்ச்சின இடத்தில் தொப்புள் மாதிரி ஒரு புள்ளி நிற்கும். மேனுஃபேக்சரிங் பேப்பரில் இதைப் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். நேரில் பார்த்தது இப்போதுதான்.

டிரங்கில் என்னைக் குழப்பிய இன்னொரு உருப்படி, ஒரு தகர டப்பா. ரெண்டு பக்கமும் கழுத்து, உள்ளே சல்லடை. டீ வடிகட்டி என்று நினைத்துப் பழைய சாமான் குவியலில் போட்டுவிட்டேன். சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் உறுத்தியது. ஒரு கழுத்து ஹோஸின் அளவுக்கு இம்மி பிசகாமல் இருக்கிறதே, வடிகட்டிக்கு அது எதற்கு? அந்தக் காலத்து சிலிண்டர் மெஷின்களில் ஹோஸைப் பின்பக்கம் சொருகினால் காற்று வெளியே ஊதும். அந்த ஊதலை நம்பியே பெயின்ட் அடிக்கிற ஸ்ப்ரேயர், அந்துப்பூச்சி மருந்து ஊதுகிற டப்பா என்று பல அட்டாச்மென்ட்கள் வந்தன. குளிர் ஊர்... கம்பளிக் கோட்டு, கம்பளி விரிப்பு... அந்துப்பூச்சிக்குத் தீபாவளி. பூச்சி உருண்டை மாதிரியான படிகத்தை இந்த டப்பாவில் போட்டு, பீரோவுக்குள் ஊதுவார்கள். தாத்தாவிடம் காட்டியதும் முகர்ந்து பார்த்து, 'ஆமா... நவம்பர் மாசம் வீடே நாறும்' என்றார். குவியலிலிருந்து அதை எடுத்துத் துடைத்து வைத்தேன். ஒரு டீ அதைக் காப்பாற்றியது!

மெஷினோடு வந்த கையேடு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நமக்குக் கிடைத்தது எலி தின்றது போக ரெண்டு பக்கம். அதில் கோட்டோவியமாக ஏழு உருப்படிகள். அதை வைத்து ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சியது வட்ட ப்ரஷ். அலமாரி, ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை துடைப்பது. டிரங்கில் ரெண்டு வட்ட ப்ரஷ்கள் இருந்தன.

ஒன்று புதுசு மாதிரி. முடி நீளமாக, கறுப்பாக, கிட்டத்தட்டத் தேயாமல். உதிர்ந்து கிடந்த ஒரே ஒரு முடியை இடுக்கியில் பிடித்து, ஜன்னலோரம் தீக்குச்சியில் காட்டினேன். சலூன் வாசனையோடு கருகிச் சாம்பலானது. நிஜ முடி, குதிரை முடி. நைலான் என்றால் உருகி முனையில் மணி மாதிரி உருண்டிருக்கும். கையேட்டில் இருந்த படத்தோடு கழுத்து வளைவு, விளிம்பு எல்லாம் ஒத்துப்போனது. ஒரிஜினல். டேக் எழுதிவிட்டேன்.

இன்னொன்று பார்க்கவே பாவமாக இருந்தது. பிளாஸ்டிக் உடம்பு, நைலான் முடி. நைலான் 1938-லேயே பல் தேய்க்கிற ப்ரஷ்ஷுக்கு வந்துவிட்டது, அதனால் அதை மட்டும் வைத்து விலக்க முடியாது. ஆனால் அதன் அட்டைப்பெட்டியைப் பாட்டி மடித்து டிரங்கின் அடியில் விரித்திருந்தார். ஏதோ ஒரு பொது உதிரி பாகக் கம்பெனி, ஹாங்காங்கில் செய்தது, அமெரிக்க முகவரியில் ஜிப் கோடு இருக்கிறது, பார்கோடு இல்லை. 1963-க்குப் பிறகு வாங்கினது, அனேகமாக ஊர் திரும்புவதற்கு முன்னால். மெஷினோடு பிறந்தது இல்லை. க்ளீன் கேஸ். 'ஒரிஜினல் அல்ல' என்று டேக் எழுதப் போனவள், தேய்மானத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

கழுத்து வளைந்த ப்ரஷ் என்பதால் அதைப் பிடிக்க ஒரு முறைதான் உண்டு. முடி ஒரு ஓரத்தில் மட்டும் பாதிக்குப் பாதி தேய்ந்து, சரிவாகக் கூரை மாதிரி நின்றது. நான் அதைக் குழாயில் மாட்டி, புத்தக அலமாரியில் துடைக்கிற மாதிரி பிடித்துப் பார்த்தேன். அந்த ஓரம் அலமாரியைத் தொடவே இல்லை. எப்படித் திருப்பினாலும் எதிர்ப்பக்கம்தான் தொடுகிறது. அளந்து பார்த்தேன், ம்ஹூம். பொழுது போகாமல் கையை மாற்றிப் பிடித்தேன். தேய்ந்த சரிவு அலமாரிப் பலகையில் அச்சு வார்த்த மாதிரி படிந்தது.

'தாத்தா... பாட்டி இடது கையா?'

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். 'உனக்கு எப்படித் தெரியும்?'

ப்ரஷ்ஷைக் காட்டினேன். வாங்கி விரலால் அந்தச் சரிவைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் கதை வந்தது. அமெரிக்கா போன புதுசில் பாட்டி அந்தக் கறுப்பு ப்ரஷ்ஷால்தான் எல்லாம் துடைத்திருக்கிறார். ஒருநாள் யாரோ அது குதிரை முடி என்று சொல்லிவிட்டார்கள். 'அதால சாமி அலமாரியைத் துடைக்க மாட்டேன்னுட்டா. ஸ்நோ கொட்டுது, அன்னைக்கே கடைக்கு நடந்து போய் இதை வாங்கிட்டு வரணும்னு ஒரே பிடிவாதம். ஒண்ணே கால் டாலர்' என்றார். அதற்கப்புறம் 1991 வரைக்கும், ரெண்டு ஊரிலும், அவர் கை பிடித்தது இதைத்தான். கறுப்பு ப்ரஷ் புதுசாக இருந்ததற்கும் காரணம் அதுதான்!

நான் மாட்டிக்கொண்டேன் பாஸ். கணக்குப்படி ஒரிஜினல் எதுவோ, அதைப் பாட்டி தொடவே இல்லை. பாட்டியோடது எதுவோ, அது ஒரிஜினல் இல்லை. சேகரிக்கிறவர்களிடமும் இந்தத் தகராறு உண்டு. மெஷினோடு பெட்டியில் வந்தது மட்டும்தான் ஒரிஜினலா? அதே கம்பெனி தனியாக விற்றது சேருமா? உடைந்ததற்குப் பதிலாக விற்பனையாளர் கொடுத்தது? எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. எதை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், டேக்கில் பொய் மட்டும் எழுதாதீர்கள். ஹாங்காங் ப்ரஷ்ஷை 1937 என்று சொல்லிவிட்டால், அடுத்து அதைப் பார்க்கிறவருக்கு ஸ்நோவில் நடந்து போன பாட்டி கிடைக்கவே மாட்டார்.

கடைசிக் கணக்கு இது. 14-ல் ஒரிஜினல் 6, அந்துப்பூச்சி டப்பாவையும் சேர்த்து. யூரோக்ளீன் குடும்பம் 5. ஒன்று வாக்யூம் க்ளீனர் சமாசாரமே இல்லை, யாரோ ஒரு வாஷிங் மெஷினின் தண்ணீர்க் குழாய் முனை. நான் கெடுத்த கறுப்பு மூக்கு 1. அதன் டேக்கில் 'எழுத்து இருந்தது, அழிக்கப்பட்டது' என்று எழுதி, கீழே என் பேரும் தேதியும் போட்டேன். அப்புறம் அந்த நைலான் ப்ரஷ். 'எண் 6. வட்ட ப்ரஷ். ஒரிஜினல் அல்ல' என்று எழுதி நீட்டினேன். தாத்தா பேனாவைக் கேட்டு வாங்கி, அதன் கீழேயே நடுங்கின எழுத்தில் பாட்டியின் பேரை எழுதினார்.

போன வாரம் மகள் கிளம்பினார். ராத்திரி பதினோரு மணிக்கு எடை மெஷினோடு என்னையும் மேலே கூப்பிட்டார்கள். மெஷின், ஹோஸ், ஒரிஜினல்கள், எண் 6 எல்லாம் ஏறின பெட்டி 24 கிலோ 300 கிராம் காட்டியது. எதை எடுப்பது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மகளே குனிந்து ஒன்றரை கிலோ புளியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு ஜிப்பை இழுத்தார்.

இந்த வாரம் எங்கள் வீட்டில் தினம் வத்தக்குழம்புதான்!